பார்த்ததும் எழுதியதும்: ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது குறித்துச் சில எண்ணங்கள்

சிற்றிதழுக்கு ஒரு கதையை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் நண்பர்கள் பலருக்கும் இருக்கக்கூடும். கதை வந்தால் வந்தது; வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சொல்ல யாரும் இருப்பதில்லை. ஆசிரியரின் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த இதழின் முகவரியைத் தேடத் தொடங்குவோம். அந்த மௌனத்துக்குப் பழகியிருந்த நாங்கள் இருவரும், தொழில் நிமித்தமாக மேலாண்மை ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பத் தொடங்கியபோது முதலில் வியந்தது அங்கிருந்து வந்த பதிலின் நீளத்தைக் கண்டுதான். கட்டுரை நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஏன் என்பதற்கு ஏழு பக்கக் காரணங்கள் இருந்தன. பெயர் தெரியாத மூவர், ஒரு பைசா ஊதியமின்றி, எங்கள் அட்டவணைகளின் கூட்டுத்தொகையைக்கூடச் சரிபார்த்திருந்தார்கள்.

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் இந்த வறண்ட விஷயம் எதற்கு என்று கேட்கலாம். மேலாண்மை ஆய்விதழுக்குக் கைப்பிரதி தயாரிப்பது வெறும் பதவி உயர்வு சார்ந்த சடங்கு என்று நாங்களும் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். அது அடிப்படையில் எழுத்து பற்றிய பிரச்சினை என்பது பின்னரே புரிந்தது. முகம் தெரியாத வாசகருக்காக ஒரு பிரதியைத் திருத்தும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒருமுறை தவறான விடையளித்தோம். அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

*

இவ்வகை இதழ்கள் இன்றுள்ள உருவத்தை அடைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து அட்மினிஸ்ட்ரேடிவ் சயின்ஸ் குவார்ட்டர்லி 1956ல் வெளிவரத் தொடங்கியது. அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னல் 1958ல் வந்தது. அப்போது அமெரிக்க வணிகக் கல்லூரிகளுக்கு அறிவுலகில் பெரிய மரியாதை இருக்கவில்லை. 1959ல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் தனித்தனியே இரு அறிக்கைகளை வெளியிட்டன. வணிகக் கல்வி மேலோட்டமானது, அதற்கு ஆய்வு அடித்தளம் வேண்டும் என்று இரண்டுமே சொல்லின. சமூகவியலிலிருந்தும் உளவியலிலிருந்தும் பொருளியலிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். தொழிற்சாலை மேலாளரின் அனுபவக் குறிப்பாக இருந்த கட்டுரை, கருதுகோளும் புள்ளிவிவரச் சோதனையும் கொண்ட ஆய்வறிக்கையாக மாறியது.

இந்தியாவில் அகமதாபாத், கல்கத்தா மேலாண்மை நிறுவனங்கள் 1961ல் தோன்றின. அகமதாபாத் நிறுவனத்தின் விகல்பா இதழ் 1976ல் தொடங்கியது. அதே 1976ல்தான் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ரிவ்யூவும் தொடங்கியது. அதில் கோட்பாடு மட்டுமே வெளியாகும், களத்தரவுக்கு இடமில்லை. ஒரு துறை தன்னை அறிவியல் என்று நிறுவிக்கொள்ள எவ்வளவு பாடுபட்டது என்பதற்கு அப்படியோர் இதழ் தேவைப்பட்டதே சான்று. 'உங்கள் கோட்பாட்டுப் பங்களிப்பு என்ன?' என்னும் கேள்வி இன்று ஒவ்வொரு மதிப்பீட்டுக் கடிதத்திலும் தவறாமல் இடம்பெறுவதற்கான வேர் இங்கேதான் இருக்கிறது.

*

கைப்பிரதியைத் தயாரிப்பது பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். கட்டுரையை எழுதி முடித்துவிட்டு இதழைத் தேடுவதே நம்மில் பலரின் வழக்கம். இது தலைகீழ் முறை என்பது எங்கள் அனுபவம். ஒவ்வோர் ஆய்விதழும் சில உரையாடல்களை ஆண்டுக்கணக்கில் நடத்திக்கொண்டிருக்கிறது. ஒரு கூடத்தில் நாலுபேர் பேசிக்கொண்டிருக்கும்போது நுழைகிற ஐந்தாமவர், சற்று நேரம் கேட்டுவிட்டுத்தானே வாய் திறக்கவேண்டும்? குறிப்பிட்ட இதழின் கடைசி இரண்டாண்டுக் கட்டுரைகளின் முன்னுரைகளை மட்டுமாவது வாசித்துவிடுவது நல்லது. நம் பொருளைப் பற்றி அங்கே யாருமே பேசவில்லையெனில், ஒன்று அது பெரிய கண்டுபிடிப்பு, அல்லது நாம் தவறான கூடத்துக்கு வந்திருக்கிறோம். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அடுத்தது விதிமுறைகள். ஆசிரியர் பெயரும் நன்றியுரையும் கொண்ட முகப்புப் பக்கம் தனிக்கோப்பாக இருக்கவேண்டும். கட்டுரைக் கோப்பில் ஆசிரியரை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது. கோப்பின் உட்பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயர்வரை நீக்கவேண்டும். நம்முடைய பழைய கட்டுரையைச் சுட்டினாலும் வேறு யாரோ எழுதியதுபோல் படர்க்கையில்தான் சுட்டவேண்டும். இரட்டை இடைவெளியில், மேற்கோள் பட்டியலையும் அட்டவணைகளையும் சேர்த்து, 40 பக்கம் என்பது இத்துறையில் பரவலான அளவு. ஒரே சமயத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்பலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால் அதை அறிவிக்கவேண்டும் என்பது அண்மையில் சேர்ந்த விதி.

இவ்விதிகளைப் பலர் அற்பமென்று கருதுகிறார்கள். நாங்கள் அப்படிக் கருதவில்லை. மேற்கோள் பட்டியலில் பாதியை ஒரு பாணியிலும் மீதியை இன்னொரு பாணியிலும் தந்துவிட்டு, எங்கள் தரவைக் கவனமாகச் சேகரித்தோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முற்றம் பெருக்காத வீட்டில் அடுக்களை மட்டும் சுத்தமாக இருக்கும் என்று விருந்தாளி எதிர்பார்ப்பதில்லை.

உள்ளடக்கம் குறித்து ஒரு வழிகாட்டியை மட்டும் பரிந்துரைப்போம். ராபர்ட் சட்டனும் பேரி ஸ்டாவும் 1995ல் அட்மினிஸ்ட்ரேடிவ் சயின்ஸ் குவார்ட்டர்லியில் எழுதிய கட்டுரை, கோட்பாடு எது என்று சொல்லாமல் எது கோட்பாடு அன்று என்று சொல்கிறது. மேற்கோள்களை அடுக்குவது கோட்பாடு அன்று. தரவு, மாறிகளின் பட்டியல், அம்புக்குறி இட்ட வரைபடம், கருதுகோள்கள் ஆகியவையும் கோட்பாடு அல்ல. ஏன் என்ற கேள்விக்கு விடை சொல்வதே கோட்பாடு. எங்கள் முதல் கட்டுரையை இந்த ஐந்து சல்லடைகளில் சலித்துப் பார்த்தபோது மிஞ்சியது ஏறத்தாழ ஒன்றரைப் பக்கம்.

*

அனுப்பியபின் நிகழ்வது காத்திருப்பு. முதல் வாசலிலேயே, மதிப்பீட்டாளருக்குப் போகாமல், ஆசிரியரே திருப்பியனுப்புவதுண்டு. டெஸ்க் ரிஜெக்‌ஷன் என்பார்கள். சில நாள்களிலேயே அது வந்துவிடும் என்பதால் மனம் அதிகம் புண்படும். ஆனால் எட்டு மாதம் கழித்து வரும் நிராகரிப்பைவிட எட்டு நாளில் வரும் நிராகரிப்பு கருணையுள்ளது என்பதை அனுபவம் கற்றுத்தருகிறது.

நிராகரிப்பு என்று பேச்சு வந்தால் ஜார்ஜ் அக்கர்லாஃப் பெயர் வராமல் போகாது. பழைய கார்ச் சந்தையை முன்வைத்து அவர் எழுதிய கட்டுரை மேலாண்மைத் துறையிலும் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுவது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்கெடுகிறது என்பதே அதன் பொருள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இளம் ஆசிரியராக இருந்தபோது எழுதி 1967ல் அனுப்பினார். 1967-68 கல்வியாண்டை அவர் இந்தியாவில் கழித்தார்; முதல் நிராகரிப்புக் கடிதம் இங்கேதான் அவரை வந்தடைந்தது. அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவும் ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸும் இது மிக அற்பமான விஷயம் என்றன. ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமியின் மதிப்பீட்டாளரோ, இது சரியென்றால் பொருளியலே வேறாக இருக்கவேண்டும் என்ற தொனியில் மறுத்தார். கடைசியில் 1970ல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் வெளியாயிற்று. 2001ல் நோபல் பரிசுக்கு வழிவகுத்தது.

இக்கதையை ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்வோர் அதிகம். அக்கர்லாஃபையே நிராகரித்தார்கள், ஆகவே நாமும் அக்கர்லாஃபே என்னும் தருக்கம் எங்கும் நிற்காது. நாங்கள் இக்கதையில் கவனிப்பது வேறொன்று. அந்தக் கட்டுரையில் இந்தியக் கடைத்தெருவின் அரிசி வருகிறது. வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அரிசியின் நிறமும் வடிவமும் கொண்ட கற்களைப் பெண்கள் பொறுக்கி எடுப்பது வருகிறது. கிராமத்து வட்டிக்கடைக்காரர் வருகிறார். முறத்தில் கல் பொறுக்குவதை நம் வீடுகளில் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அதில் ஒரு சந்தையின் இயல்பு இருக்கிறது என்று கண்டவர் அவர். அற்பமென்று இரண்டு இடங்களில் சொல்லப்பட்டாலும், மூன்றாவது இடத்தில் மறுக்கப்பட்டாலும், தான் கண்டதை அவர் கண்டதாகவே வைத்திருந்தார்.

*

இந்திய ஆய்வாளரைத் தவறாமல் எதிர்கொள்ளும் இன்னொரு கேள்வி உண்டு. 'ஏன் இந்தியா?' எங்களைப் பொறுத்தவரை, 'ஏன் திருப்பூர்?'

இதில் ஓர் ஏற்றத்தாழ்வு இருப்பது உண்மை. இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிரையன் உஸ்ஸி 1997ல் அட்மினிஸ்ட்ரேடிவ் சயின்ஸ் குவார்ட்டர்லியில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நியூயார்க்கின் 23 ஆடை நிறுவனங்களில் களப்பணி செய்து எழுதப்பட்டது. நிறுவனங்களுக்கிடையிலான நெருங்கிய உறவு எவ்வாறு பயன் தருகிறது, அளவு மீறினால் எவ்வாறு கேடாகிறது என்று பேசுகிறது. சிறந்த ஆய்வு. அதன் தலைப்பில் நியூயார்க் இல்லை. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004ல் எழுதியது திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றியது. உள்ளூர்ச் சமூகத்தைச் சேர்ந்த தொழில்முனைவோர் அதிக முதலீட்டோடு தொடங்குகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலீட்டில் வேகமாக வளர்கிறார்கள். ஆக, பணம் திறமையை நோக்கியல்ல, உறவை நோக்கிப் பாய்கிறது என்று காட்டுகிறது. இதன் தலைப்பிலேயே திருப்பூர் இருக்கிறது. வெளியிட்டது, அக்கர்லாஃபை அற்பமென்று திருப்பிய அதே ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ்.

பொருளியலாளர்கள் ஊர்ப்பெயரைத் தலைப்பில் இடுவது வழக்கம்தான் என்பதால் இந்த ஒப்பீட்டை அதிகம் இழுக்க விரும்பவில்லை. எனினும் நியூயார்க் உலகமாகவும் திருப்பூர் திருப்பூராகவும் வாசிக்கப்படுகிறது என்பதை மறுக்கமுடியாது. இதற்குச் சினந்து ஒதுங்குவது சிலர் வழி. நாங்கள் அதை ஏற்கவில்லை. 'ஏன் திருப்பூர்?' என்பது நல்ல கேள்வி; அதை எல்லா ஊர்களிடமும் கேட்கவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. தைக்க ஒருவர், சாயமிட ஒருவர், காஜா பட்டனுக்கு ஒருவர் என்று ஒரு பனியன் இருபது கைகள் மாறும் ஊரில், ஒப்பந்தமில்லாமல் தொழில் நடக்கும் விதம் மற்ற இடங்களைவிடத் துலக்கமாகத் தெரியும். இதை முன்னுரையின் இரண்டாம் பத்தியிலேயே சொல்லிவிட்டால் கேள்வி பாதி கரைந்துவிடும்.

*

மதிப்பீட்டாளர்களை வில்லன்களாகச் சித்திரிக்கும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. எங்கள் கதையில் அவர்கள் வில்லன்கள் அல்லர்.

திருப்பூரில் தையல் ஜாப்வொர்க் செய்யும் சிறு யூனிட்டுகளைப் பற்றி எழுதியிருந்தோம். வேலை கொடுக்கும் நிறுவனம் கூலியை மாதக்கணக்கில் தாமதப்படுத்தினாலும் இவர்கள் ஏன் அதே நிறுவனத்துக்கே தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே கேள்வி. முதல் சுற்றில் ஒரு மதிப்பீட்டாளர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: தொழிலை மூடிவிட்டுப் போனவர்களிடம் பேசினீர்களா? நாங்கள் பேசியிருக்கவில்லை. நீடித்திருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு நீடிப்புக்குக் காரணம் சொல்லியிருந்தோம். மீண்டும் ஊர் ஊராகப் போய், மிஷின்களை விற்றுவிட்டுப் பேக்கரியும் மளிகைக்கடையும் வைத்திருந்தவர்களைத் தேடிப்பிடித்தோம். ஆய்வின் பாதி அதில்தான் கிடைத்தது. அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கு இன்றும் நன்றியுடையோம். சிற்றிதழ்ச் சூழலில் இப்படியொரு வரியை எழுதி அனுப்ப யாராவது இருந்திருந்தால் நம் எத்தனையோ கதைகள் உருப்பட்டிருக்கும்.

இரண்டாம் சுற்றில் வந்தது வேறுவகைக் கடிதம். எங்கள் கண்டுபிடிப்பு சுவாரசியமானது, ஆனால் தாமதத்தைச் சகித்துக்கொள்வதை நம்பிக்கை பற்றிய கோட்பாட்டோடு இணைத்தால்தான் பங்களிப்பு தெளிவாகும் என்று இன்னொரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். ஆசிரியரும் அதை வழிமொழிந்திருந்தார். நியாயமான யோசனைபோலவே தோன்றியது. உஸ்ஸியின் மரபில் அதற்கு இடமும் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் களக்குறிப்பேட்டில் இருந்தது நம்பிக்கை அன்று. 12 மிஷின் வைத்து யூனிட் நடத்திய ஒருவர், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு ஊரே ஸ்தம்பித்த காலத்தைத் தாண்டி வந்தவர், எங்களிடம் சொன்னது இது: "நம்பிக்கையெல்லாம் என்னங்க, வேற வழியில்லீங்க. பழைய பாக்கி அவங்ககிட்ட நிக்குது. விட்டுட்டு வந்தா அதுவும் போயிரும்." பாக்கிதான் கயிறு. தாமதம் உறவைப் பாதிக்கவில்லை என்பதல்ல. தாமதமே உறவை அறுக்கவிடாமல் கட்டிவைத்திருக்கிறது. மூடிவிட்டுப் போனவர்களும் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள்: பாக்கியைக் கைகழுவத் துணிந்த நாளில்தான் வெளியே வரமுடிந்தது என்று.

நாங்கள் என்ன செய்தோம்? நீடித்தல் பற்றிய கேள்விகளுக்கு வந்த பதில்களை எடுத்து, அவற்றின் தலைமேல் 'உறவுசார் நம்பிக்கை' என்று பெயரிட்டோம். எண்கள் ஒத்துழைத்தன, எண்கள் பெரும்பாலும் ஒத்துழைக்கும். முடிவை அறிந்தபின் கருதுகோளை எழுதி, அதையே முன்கூட்டி நினைத்ததாகக் காட்டும் வழக்கத்தை நார்பர்ட் கெர் 1998ல் பெயர்சூட்டிக் கண்டித்திருந்தார். அதை வகுப்பில் மாணவர்களுக்கு நாங்களே சொல்லித்தந்திருக்கிறோம். பாக்கி பற்றிய பத்தி 'எதிர்கால ஆய்வுக்கு' என்னும் கடைசிப் பகுதிக்குத் தள்ளப்பட்டு, மூன்றாம் சுற்றில் பக்க அளவுக்காக அதுவும் நீக்கப்பட்டது. கட்டுரை ஏற்கப்பட்டது.

*

அந்த அவசரத்துக்குப் பின்னணி இருந்தது. அதை மன்னிப்பாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக்குழு 2010ல் ஆசிரியர்களின் பணியை மதிப்பெண்ணாக்கும் முறையைக் கொண்டுவந்தது முதல், வெளியீடு என்பது பதவி உயர்வின் நாணயமாகிவிட்டது. எந்த இதழ் செல்லும், எது செல்லாது என்பதற்குக் குழு 2017ல் ஒரு பட்டியலிட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்னர் கேர் என்ற பெயரில் புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டாகவேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிமுறைகளில் நீங்கியது. ஆனால் பழக்கம் நீங்கவில்லை. இந்தத் தேவையைக் கொண்டே, பணம் கட்டினால் பத்து நாளில் மதிப்பீடு செய்து பிரசுரிக்கும் போலி இதழ்கள் பெருகின. எங்கள் கட்டுரை அத்தகைய இதழில் வரவில்லை. முறையாக மூன்று சுற்று மதிப்பீடு கண்ட இதழில்தான் வந்தது. அதனால்தான் கூடுதலாக உறுத்துகிறது. போலி இதழில் பொய் சொல்வதற்கு யாரும் நம்மை வற்புறுத்தவேண்டியதில்லை. நல்ல இதழில், மரியாதையாக, படிப்படியாக, நன்றி தெரிவித்துக்கொண்டே நாம் உண்மையிலிருந்து நகர்ந்துவிட முடியும்.

கட்டுரை அச்சானபின் பிரதியை எடுத்துக்கொண்டு அந்த யூனிட்காரரைப் பார்க்கப் போனோம். அவர் ஆங்கிலம் வாசிக்கமாட்டார் என்பதால், என்ன எழுதியிருக்கிறோம் என்று தமிழில் சொன்னோம். நிறுவனங்களுக்கிடையே நம்பிக்கை வலுவாக இருப்பதால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறோம் என்றோம். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவர் சற்றுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டார்: "அப்ப நான் சொன்னது எங்கீங்க போச்சு?"

*

ஒரு சொல்லை மாற்றியதில் என்ன வந்துவிட்டது என்று தோன்றலாம். கல்கத்தாவில் பிறந்து உலகப் புகழ்பெற்ற மேலாண்மைப் பேராசிரியராக விளங்கிய சுமந்த்ர கோஷல், 2004ல் மறைந்த பின் 2005ல் வெளியான கட்டுரையில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். மேலாண்மைக் கோட்பாடு கல்லைப் பற்றியதோ கோளைப் பற்றியதோ அன்று. தவறான கோட்பாட்டால் கோளின் பாதை மாறாது. ஆனால் மனிதர்களைப் பற்றிய தவறான கோட்பாட்டை வகுப்பில் கற்றுக்கொண்டு போகிறவர், அதன்படியே மனிதர்களை நடத்தத் தொடங்கிவிடுவார். காலப்போக்கில் அக்கோட்பாடே மெய்யாகிவிடும். எங்கள் கட்டுரையை ஒரு கொள்முதல் மேலாளர் வாசித்தால் என்ன கற்றுக்கொள்வார்? பணத்தைத் தாமதித்தாலும் நம்பிக்கை குலையாது என்பதைத்தானே? 45 நாளுக்கு மேல் சிறு நிறுவனங்களின் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் நாட்டில், நிறுத்திவைப்பவருக்கு நாங்கள் ஒரு கோட்பாட்டை வழங்கியிருக்கிறோம்.

தவறு மதிப்பீட்டாளருடையது அன்று என்பதை மீண்டும் வலியுறுத்துகிறோம். அவர் திருப்பூரைப் பார்த்தவர் அல்லர், பார்த்தவர்கள் நாங்கள். அவர் கையில் இருந்தது 40 பக்கம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு யோசனை சொன்னார். அது பொருந்தாது என்று சொல்லக்கூடிய சான்று உலகில் எங்கள் இருவரிடம் மட்டுமே இருந்தது. பதில் கடிதத்தில் இரண்டு பத்தி எழுதியிருந்தால் போதும். கட்டுரை ஒருவேளை நிராகரிக்கப்பட்டிருக்கும். ஒருவேளை வலுவாக வெளிவந்துமிருக்கும். கோட்பாட்டின்மீதான இத்துறையின் அளவுகடந்த பக்தியை டொனால்ட் ஹாம்பிரிக் 2007லேயே அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலில் விமர்சித்திருக்கிறார். கோட்பாடு வகுக்கப்படாத களநிகழ்வுகளுக்காகவே அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் டிஸ்கவரீஸ் என்ற இதழ் 2015ல் தொடங்கப்பட்டது. கதவுகள் இருந்தன. நாங்கள் தட்டவில்லை.

இப்போதெல்லாம் மதிப்பீட்டுக் கடிதம் வந்ததும் குறிப்புகளை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். முதல்வகை, எழுத்தும் அமைப்பும் சார்ந்தவை. முன்னுரையைச் சுருக்கு, அட்டவணையை மாற்று, இந்த மேற்கோளைச் சேர் என்பவை. இவற்றில் வாதாடுவது வீண், அப்படியே ஏற்கலாம். இரண்டாம் வகை, தருக்கம் சார்ந்தவை. மூடிப்போனவர்களிடம் பேசினீர்களா என்பதுபோன்றவை. இவற்றுக்காகத் தேவையானால் மறுபடி களத்துக்குப் போகவேண்டும். மூன்றாம் வகை, பார்த்ததற்கு வேறு பெயர் இடச்சொல்பவை. இவற்றுக்கு மட்டும் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறோம். குறிப்பேடு ஒத்துக்கொண்டால் ஏற்கிறோம். இல்லையென்றால், தங்கள் யோசனைக்கு நன்றி, ஆனால் எங்கள் தகவலாளர்கள் இதையே நேரடியாக மறுத்திருக்கிறார்கள், அவர்கள் சொற்கள் இவை என்று எழுதிவிடுகிறோம். பணிவாக மறுப்பதற்கும் அந்தக் கடிதத்தில் இடமுண்டு என்பதைப் புதிதாக எழுதவரும் ஆய்வாளர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. கட்டுரையை இணையதளத்தில் ஏற்றுவதற்கு முன், அதில் வருகிறவர்களில் ஒருவருக்காவது அதன் சாரத்தைத் தமிழில் சொல்லிப்பார்க்கிறோம். அவர் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆய்வாளர் காண்பது வேறாகவும் இருக்கலாம். ஆனால் தான் சொன்னது அதில் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டால், பக்கத்தைச் சுட்டிக்காட்ட எங்களுக்கு முடியவேண்டும்.

பாக்கியைப் பற்றிய கட்டுரையை இப்போது தனியாக எழுதி முடித்திருக்கிறோம். அதன் முன்னுரை, இத்துறையின் முந்தைய ஆய்வொன்று தவறான முடிவுக்கு வந்தது எப்படி என்று விளக்கித் தொடங்குகிறது. பெயர் மறைக்கும் விதிப்படி அந்த ஆய்வின் ஆசிரியர்களைப் படர்க்கையில்தான் குறிப்பிடவேண்டியிருக்கிறது. 'அவர்கள் தங்கள் தகவலாளர் சொன்னதைக் கணக்கில் கொள்ளவில்லை' என்று எழுதியிருக்கிறோம். அந்த வாக்கியத்தை எந்த மதிப்பீட்டாளர் கேட்டாலும் மாற்றுவதாக இல்லை.